திட்டத்தின் நடுவே மாற்றம்: யாரிடம், எப்போது, எந்த மொழியில் சொல்வது? எல்லைப்புறக் கம்பெனிகளுக்கான கேள்வி-பதில்

தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு, அந்தப் பக்கம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வரைக்கும் உள்ள சின்ன, நடுத்தரக் கம்பெனிகளிலும் பால் சொசைட்டிகளிலும் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். புது மென்பொருள், புது இயந்திரம், ஷிப்ட் மாற்றம் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து பொருத்துவது என் தொழில். கோயம்புத்தூரிலிருந்து காலை ரயிலில் வருகிறவர்கள், இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்த தமிழர்கள், பாலக்காட்டு மலையாளிகள், ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிற இடங்கள் இவை. முதலாளிகளும் மேனேஜர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

புராஜெக்ட் ரிப்போர்ட்தான் வாராவாரம் போகிறதே, அது போதாதா?

ரிப்போர்ட் போவது பணம் போட்டவருக்கு. எந்தத் தேதியில் முடியும், செலவு எவ்வளவு ஆயிற்று, எங்கே தடங்கல் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அது சரி. ஆனால் மாற்றம் யார் கையில் நடக்கிறதோ அவருக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

ஸ்டோர் கீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருடமாக நீல அட்டை போட்ட ரிஜிஸ்டரில் வரவும் பற்றும் எழுதுகிறார். எந்த போல்ட் எந்த ரேக்கில் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் மேனேஜரே போன் செய்து கேட்கிறார். ஈ.ஆர்.பி. (கம்பெனியின் எல்லாக் கணக்கையும் ஒன்றாக வைக்கும் மென்பொருள்) வந்துவிட்டால் அந்த விவரம் யார் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் தெரியும். 'ஸ்டோர்ஸ் மாட்யூல் 80 சதவீதம் முடிந்தது' என்று உங்கள் ரிப்போர்ட் சொல்லும். 'இனிமேல் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்' என்று அவர் மனதில் ஓடும். அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். பெரும்பாலும் பேசியிருக்க மாட்டார்கள். பயிற்சி வகுப்புக்கு வரச்சொல்லி மெசேஜ் மட்டும் போயிருக்கும்.

எப்போது சொல்ல ஆரம்பிப்பது? எல்லாம் முடிவான பிறகு சொன்னால் குழப்பம் இருக்காதே?

நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும், தப்பாக.

ஒரு கம்பெனியில் புது இயந்திரத்துக்கு இடம் பார்க்க ஒருவர் டேப்போடு வந்து அசெம்ப்ளி ஷெட்டை அளந்துவிட்டுப் போனார். அப்போது காலை பதினொரு மணி. அன்று மாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நான் நின்றபோது மூன்று கதை ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டை விற்கப் போகிறார்கள் என்றார் ஒருவர். கம்பெனியையே கோயம்புத்தூர்ப் பக்கம் கொண்டுபோகிறார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், தமிழ்நாட்டுக்காரர்களை மட்டும்தான் கூட்டிப்போவார்கள் என்றார். நிர்வாகம் அப்போது கொட்டேஷன்கூட வாங்கியிருக்கவில்லை.

அதனால் முடிவாகும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். முடிவானது எது, முடிவாகாதது எது, அது எந்தத் தேதிக்குள் முடிவாகும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். 'இன்னும் தெரியாது' என்று சொல்ல மேனேஜர்கள் ரொம்பவே கூச்சப்படுகிறார்கள், கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். தொழிலாளி அதை அப்படி எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நேற்றுத் தெரியாது என்று சொன்னவர் இன்று தெரியும் என்றால் அவருடைய பேச்சை நம்புகிறார்கள். ஒன்று மட்டும்: அந்தத் தேதி வந்த அன்று, முடிவு வந்திருந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் போய் நின்று பேச வேண்டும்.

முதலில் யாரிடம் சொல்வது?

சூப்பர்வைசர்களிடம். ஒரே நாளில், காலையில் அவர்களுக்கு, மதியம் எல்லோருக்கும். இடையில் ஒரு இரவு போனால் செய்தி கசிந்துவிடும். தொழிலாளியோடு சேர்ந்து நின்று முதல் முறையாகக் கேட்கிற சூப்பர்வைசர் அன்றே உங்கள் கையைவிட்டுப் போய்விடுவார். மீட்டிங் முடிந்ததும் ஆட்கள் அவரைத்தான் சூழ்ந்துகொண்டு 'என்னண்ணே இது?' என்று கேட்பார்கள். 'எனக்கே இப்பத்தான் தெரியும்' என்று அவர் சொல்ல வேண்டிவந்தால், அந்த அவமானத்தை அவர் லேசில் மறக்கமாட்டார். புராஜெக்ட் முடியும்வரை உங்களுக்கு உதவியும் வராது.

மாற்றம் ஏன் என்பதை முதலாளி சொல்ல வேண்டும். என் வேலை எப்படி மாறும் என்பதை நேர் மேலே இருப்பவர் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்கிற கம்பெனிகள் நிறைய. சூப்பர்வைசர் நின்றுகொண்டு சந்தைப் போட்டி, உலகத் தரம் என்று பேசுவார். முதலாளி வந்து எந்தப் பொத்தானை அமுக்குவது என்று விளக்குவார். இரண்டு பேரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

யூனியனிடம் எப்போது பேசுவது?

சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சம்பளம், வேலை நேரம், இடைவேளை, ஷிப்ட் போன்ற சில விஷயங்களில் தொழிலாளியின் நிலைமையை மாற்றுவதானால் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், அதற்குப் பிறகு 21 நாளுக்குள் மாற்றத்தைக் கொண்டுவரக் கூடாது என்பது 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. உங்கள் மாற்றம் அந்தப் பட்டியலில் வருமா என்பதை லேபர் விஷயம் பார்க்கிற வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் 21 நாள் என்பது குறைந்தபட்சம். நோட்டீஸ்தான் யூனியன் கேள்விப்படும் முதல் செய்தி என்றால், அதைப் பேச்சுவார்த்தையின் ஆரம்பமாக யாரும் பார்க்க மாட்டார்கள், சண்டைக்கு அழைப்பு என்றுதான் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் ஒரே கம்பெனியில் சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி., பி.எம்.எஸ். என்று இரண்டு மூன்று கொடி பறப்பது சாதாரணம். ஒருவரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு மற்றவரை நாளைக்கு என்று வைக்காதீர்கள். ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். உட்கார மாட்டோம் என்றால் அடுத்தடுத்த அரைமணியில் பேசுங்கள்.

யூனியனிடம் சொன்னால் தொழிலாளியிடம் சொன்ன மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது நினைவிருக்கும். போனஸ் குறைந்ததை எதிர்த்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தெருவில் உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. 20 சதவீதம் கேட்டார்கள், 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத்தொகையாகவும் சேர்த்து அந்த 20 கிடைத்த பிறகே எழுந்தார்கள். அத்தனை வருடமாக அவர்கள் சார்பில் பேச ஆள் இருக்கத்தான் செய்தது. அந்தப் பேச்சு மேலேயும் கீழேயும் சரியாகப் போய்வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள் யார்?

வாசலில் நிற்கிறவர்கள். செக்யூரிட்டி, கேன்டீன்காரர், ஒப்பந்தக் கூலி, அப்புறம் சுமட்டுத் தொழிலாளிகள், அதாவது லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள். ஒரு முறை கோயம்புத்தூரிலிருந்து கிரேனோடு லாரியில் ஒரு இயந்திரம் வந்தது. சப்ளையரே இறக்கிவைக்கும் ஒப்பந்தம். கனமான, நுட்பமான இயந்திரம், கையால் இறக்க முடியாது. அதை உள்ளூர் சுமட்டுத் தொழிலாளிகளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. லாரி மதியம் வரை வெளியே நின்றது. கேரளாவில் வேலை செய்யாமல் வாங்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசே நிறுத்திவிட்டதே என்று மேனேஜர் கத்தினார். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் முந்தின நாள் போய், 'நாளைக்கு இந்த மாதிரி ஒரு மெஷின் வருகிறது, அதை கிரேன்தான் இறக்கும், கூட வரும் பெட்டிகளை நீங்கள் இறக்குங்கள்' என்று ஒரு டீ குடிக்கும் நேரம் பேசியிருந்தால் சட்டத்தையே இழுத்திருக்க வேண்டாம். கடைசியில் பெட்டிகளை அவர்கள்தான் இறக்கினார்கள்.

இரண்டு மூன்று மொழி இருக்கும் இடத்தில் எந்த மொழியில் சொல்வது?

இங்கே எல்லோருக்கும் எல்லாம் புரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தமிழனுக்கு மலையாளம் புரியும், மலையாளிக்குத் தமிழ் சினிமா பார்த்தே தமிழ் தெரியும் என்பார்கள். டீக்கடை வரைக்கும் அது சரி. வேலை போகுமா இருக்குமா என்ற இடத்தில் அந்தப் பாதிப் புரிதலை நம்பினால் ஆபத்து. எனக்கு இது நன்றாக உறைத்த நாள் ஒன்று இருக்கிறது.

வயரிங் செக்ஷனில் நாற்பது பேர். பாதிக்கு மேல் பெண்கள், தமிழும் மலையாளமும் கலந்த கூட்டம். புது இயந்திரம் வந்ததும் அந்த செக்ஷனை இரண்டு லைனாக ஆக்குவது என்று முடிவு. ஆள் குறைப்பு கிடையாது, சொல்லப்போனால் நான்கு பேர் கூடுதலாக வேண்டியிருந்தது. மேனேஜர் பொள்ளாச்சிக்காரர், நல்ல மனிதர். ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, சிரித்த முகத்தோடு சொன்னார்: "வர்ற ஒண்ணாம் தேதியிலிருந்து உங்க செக்ஷனை ரெண்டாப் பிரிச்சு விடறோம்."

தமிழ் ஆட்கள் தலையாட்டினார்கள். முன்வரிசையில் நின்ற மலையாளிப் பெண்களின் முகம் இருண்டுவிட்டது. ஒருவர் கையில் இருந்த டிபன் பாக்ஸை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை. மலையாளத்தில் ஒருவரைப் 'பிரிச்சுவிட்டு' என்றால் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்கள் காதில் விழுந்தது, ஒண்ணாம் தேதியிலிருந்து உங்களை வேலையைவிட்டு அனுப்புகிறோம் என்பது. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் பதினொரு பேர் வரவில்லை. ஒரு பெண் கணவரையும் யூனியன்காரரையும் கூட்டிக்கொண்டு கேட்டில் நின்றார். விஷயம் தெளிய மூன்று நாள் ஆயிற்று. தெளிந்த பிறகும் சிலர், 'மனசுல இருந்ததுதான் வாயில வந்துடுச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதே மேனேஜர் மலையாளத்தில் ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொன்னார்: "ரண்டு லைன் ஆக்குன்னு, ஆரெயும் பிரிச்சுவிடுன்னில்ல." உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வேலை ஓடியது.

இதே மாதிரி இன்னொரு சொல் 'மாற்றம்'. மலையாளி ஊழியர்கள் பேச்சில் மாற்றம் என்றால் இடமாற்றம். தமிழிலும் மாற்றல் என்று அதைத்தான் சொல்கிறோம். 'மாற்ற அறிவிப்பு' என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் ஒட்டினால், யாரை எங்கே தூக்கிப் போடுகிறார்கள் என்று பெயரைத் தேடுவார்கள். 'புது பில்லிங் முறை', 'புது ஷிப்ட் நேரம்' என்று விஷயத்தின் பெயரையே போடுங்கள்.

1946-ஆம் வருட நிலையாணைச் சட்டம், நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்டச் சொன்னது. பெரும்பான்மை என்று எழுதியதால் மிச்சப் பேரை விட்டுவிடலாம் என்று நாமாக எடுத்துக்கொண்டோம். உங்கள் ஆட்களில் எத்தனை மொழி இருக்கிறதோ அத்தனையிலும் போடுங்கள். ஒரு ஷீட் பேப்பர்தானே.

மொழிபெயர்ப்பை யாரிடம் கொடுப்பது?

அந்த மொழியில் அந்த வேலையைச் செய்கிற ஒருவரிடம். ஆபீஸில் எழுதிய மலையாளம் அரசாங்க மலையாளமாக இருக்கும். போனில் மொழிபெயர்த்த ஒடியா எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். வங்காளத்துப் பையன்களுக்கு இந்தி தெரியும் என்று நாமாக முடிவுசெய்துகொள்கிறோம், பலருக்கு அரைகுறை. எழுதி முடித்ததும் வேறொருவரிடம் காட்டி, 'இதில் என்ன போட்டிருக்கிறது, உங்கள் வாயால் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் புரிஞ்சுது என்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?

நினைவுபடுத்த நல்லது. முதல் முறை சொல்ல உதவாது. நீல டிக் விழுந்தால் படித்தார் என்றுதான் அர்த்தம், ஒத்துக்கொண்டார் என்று இல்லை. தவிர, நீங்கள் இல்லாத இன்னொரு குழு எப்போதும் இருக்கும்.

ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொல்வது?

ஜான் காட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1995-இல் மாற்ற முயற்சிகள் ஏன் தோற்கின்றன என்று எழுதியபோது, நிர்வாகங்கள் தேவையானதில் பத்தில் ஒரு பங்குதான் சொல்கின்றன என்றார். எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை. மேனேஜர் ஆறு மாதமாக அதே விஷயத்தைப் பேசிப் பேசிச் சலித்துப்போயிருப்பார், 'எத்தனை தடவைங்க சொல்றது' என்பார். ஷெட்டில் நிற்கிறவருக்கு அது இரண்டாவது தடவையாகத்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆறு பேர் கூடினால் ஒருவருக்கொருவர் பேசும் வழி 15. பன்னிரண்டு பேர் ஆனால் 66. ஆள் இரண்டு மடங்கு கூடினால் பேச்சு நாலு மடங்குக்கும் மேல் போகிறது. அத்தனை வழியிலும் ஒரே விஷயம் ஓட வேண்டுமென்றால் அது நான்கு வரியில் அடங்க வேண்டும். என்ன மாறுகிறது, ஏன், எந்தத் தேதியில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. ஐந்தாவது வரி எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

எதிர்க்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

முதலில், 'சமாளிப்பது' என்ற சொல்லை விட்டுவிடலாம். எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1962-இல் புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று பிரித்தபோது, கடைசியாக வருகிறவர்கள் 16 சதவீதம் என்று வைத்தார். அந்தப் பதினாறு பேரைப் பின்தங்கியவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டி. அதுவரை கெர்பர் முறையில் கொழுப்பு பார்த்தார்கள். கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலம், பால், அமைல் ஆல்கஹால் விட்டு, சுழலும் இயந்திரத்தில் வைத்து எடுத்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு நிற்கும், அளவைப் படித்துவிடலாம். அதற்குப் பதில் ஒரு நிமிடத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு தவிர மற்ற திடச்சத்து) காட்டி, விலையோடு சீட்டு அடித்துத் தரும் இயந்திரம் வந்தது. நான்தான் பொருத்தினேன். எல்லோருக்கும் சொல்லியாயிற்று, நோட்டீஸும் தமிழில் ஒட்டியாயிற்று.

முதல் வாரமே ஒரு ஆத்தா சண்டைக்கு வந்துவிட்டார். எழுபது வயதுக்கு மேல், இரண்டு மாடு. சீட்டுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கல்மேடையில் பரப்பினார். காலைச் சீட்டு ஒரு பக்கம், சாயங்காலச் சீட்டு ஒரு பக்கம். "அதே மாடு, அதே தீவனம். காத்தால கொறையுது, சாயங்காலம் ஏறுது. உங்க மெசினுக்குக் காத்தால தூக்கமா கண்ணு?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கினேன். ராத்திரி முழுக்க மடியில் சேர்ந்த பால் காலையில் அதிகமாக இருக்கும், அதில் கொழுப்பு சதவீதம் குறையும். சாயங்காலக் கறவைக்கு இடைவெளி குறைவு, பால் குறைவு, கொழுப்பு ஏறும். ஆத்தா யோசித்துவிட்டு, "அது செரி, சாயங்காலப் பால் கெட்டியாத்தான் இருக்கும்" என்றார். ஐம்பது வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம்தான், நம்பரில் பார்த்ததும் வேறாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. "இதப் பாரு" என்று மூன்று சீட்டைத் தனியாகத் தள்ளினார். மூன்றும் காலைச் சீட்டு. மற்றக் காலைகளைவிடவும் குறைவு. அந்த மூன்று நாளும் வரிசையில் அரைமணி நின்றதாகச் சொன்னார். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பையனைப் பார்த்து, "கண்ணு, நீ பாலக் கலக்காமக் கரண்டிய அடியில விட்டு மோந்தே. ஆடை மேல நிக்குது, நீ அடியில மோந்தா என்ன கெடைக்கும்?" என்றார். பையன் பேசாமல் நின்றான். கூட்டம் இருந்த நாட்களில் அவன் அவசரத்தில் அப்படித்தான் எடுத்திருக்கிறான். நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும், கலக்காமல் அடியில் எடுத்த சாம்பிளில் குறைவாகத்தான் காட்டும்.

இயந்திரம் தந்த கம்பெனி, நான், சொசைட்டிச் செயலாளர் மூன்று பேருமாகச் சேர்ந்து பார்க்காததை ஆத்தா பார்த்திருந்தார். அன்றைக்கே சாம்பிள் எடுக்கும் முன் கேனைக் கலக்குவது என்று விதி போட்டோம். பத்து நாள் பழைய குழாய்ப் பரிசோதனையையும் புது இயந்திரத்தையும் எல்லோர் கண் முன்னே பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தினோம். யார் வேண்டுமானாலும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கலாம். மறுபடி என்னைப் பார்த்தபோது ஆத்தா கேட்டது, சீட்டில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அடிக்கக் கூடாதா என்று. அதுவும் நியாயம்தான், மாற்றினோம்.

எதிர்ப்பு வந்தால் அதில் பயம் எவ்வளவு, தகவல் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பயத்துக்கு விளக்கம் சொல்லலாம். தகவல் என்றால் நோட்டில் குறித்துக்கொண்டு திட்டத்தைத் திருத்த வேண்டியதுதான்.

லூயின், ஏட்கர் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை உதவுமா?

உதவும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால். கர்ட் லூயின் என்ற உளவியலாளர் 1947-இல் சொன்னது எளிமையானது: உறைந்ததை இளக்கு, மாற்று, மறுபடி உறையவை. நம் ஆட்கள் நடுவில் உள்ளதை மட்டும் செய்கிறார்கள். ஜெஃப் ஹயாட் வகுத்த ஏட்கர் என்ற முறை எனக்குக் கையில் எடுத்து வேலை செய்யத் தோதாக இருக்கிறது. தெரிந்திருக்கிறதா, விருப்பம் இருக்கிறதா, எப்படிச் செய்வதென்று அறிவு இருக்கிறதா, செய்ய முடிகிறதா, செய்ததைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்து கேள்வி. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து அந்தப் படிக்கு உரியதைச் சொல்ல வேண்டும். விருப்பமே இல்லாதவருக்கு மூன்றாம் முறை பயிற்சி வகுப்பு வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் வீண்செலவு.

பயிற்சி எப்போது?

தொடங்கும் நாளுக்குப் பக்கத்தில். இரண்டு மாதம் முன்னால் சொல்லிக்கொடுத்தது நிற்காது. 'ஏபிசி டிரேடர்ஸ்' என்ற பொய்க் கணக்கில் பழக்காமல் அவர்கள் தினம் போடும் பில்லையே போடச் சொல்லுங்கள்.

எந்த நாளில் தொடங்கக் கூடாது?

இந்தப் பக்கத்துக்கு இரண்டு காலண்டர். மலையாளிகளுக்கு ஓணத்துக்கு போனஸ், தமிழ் ஆட்களுக்குத் தீபாவளிக்கு என்று கேட்பார்கள். ஓண வாரத்தில் புது சம்பள மென்பொருளைத் தொடங்கிய ஒரு இடத்தில், போனஸ் இரண்டு நாள் தாமதமானதற்கு அந்த மென்பொருள்தான் காரணம் என்று ஊரே முடிவுசெய்துவிட்டது. உண்மையில் பேங்க் லீவு. ஓணம், தீபாவளி, பொங்கல், விஷு நான்கையும் தவிருங்கள். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன மிச்சம் என்று கேட்கலாம். போதுமான வாரங்கள் இருக்கின்றன.

வேலை போகத்தான் போகிறது என்றால்?

நேரில், தனியாக, முதலாளியே சொல்ல வேண்டும். எத்தனை பேர், எந்தத் தேதி, கையில் என்ன கிடைக்கும், வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லிவிட முடியுமா என்ற நான்கும் அந்தப் பேச்சிலேயே இருக்க வேண்டும். 'மறுசீரமைப்பு' போன்ற சொல்லைப் போட்டுப் பூசி மெழுகாதீர்கள். மிச்சம் இருப்பவர்கள், போகிறவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அடுத்த அறிவிப்பை நம்புவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.

வாளையாரில் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒன்று உண்டு. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்டில் லாரிகள் காத்துக் கிடந்த வரிசை போய்விட்டது. லாரிக்காரர்களுக்கு நிம்மதி. அந்த வரிசையை நம்பிக் கடை போட்டவர்களும், பேப்பர் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்களும் அதே வரிசையோடு போனார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் (இணையத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) கட்டாயம் ஆனபோது, அவர்களில் சிலர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து அதையே போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் அது முடிந்தது.

பழைய ரிஜிஸ்டரை எப்போது மூடுவது?

தேதி சொல்லி மூடுங்கள். 'கொஞ்ச நாள் இரண்டும் இருக்கட்டும்' என்றால் பழையதுதான் ஓடும், புதியதை மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்புவார்கள். மூன்று வாரம் என்றால் மூன்று வாரம். ஒரு ஸ்டோரில் மேஜைக்கு அடியில் அரிசிப் பைக்குள் நீல ரிஜிஸ்டர் தொடர்ந்துகொண்டிருந்ததை எட்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தேன். திட்டவில்லை. புது முறையில் எது கிடைக்காமல் அவர் அதை வைத்திருந்தார் என்று பார்த்தேன். யாருக்குக் கைமாற்றாக எந்த டூல் கொடுத்தது என்று எழுத அதில் இடமே இல்லை.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்விகளைப் பாருங்கள். நான் போகிற இடங்களில் டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவேன். யார் வேண்டுமானாலும், பெயர் போடாமல், எந்த மொழியிலும் கேள்வி எழுதலாம். வெள்ளிக்கிழமைக்குள் கீழேயே பதில் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். பதில் தெரியாவிட்டால் எப்போது தெரியும் என்று எழுத வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை விட்டுப்போனால்கூட நோட்டு செத்துவிடும், அதனால் இந்த வேலையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன வயரிங் செக்ஷன் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் மலையாளத்தில், எங்களைப் பிரித்துவிடப் போகிறீர்களா என்று ஒரே கேள்வி நாலு கையெழுத்தில். நடுவில் ஒருவர், 'லைன் ரெண்டுக்கு யார் லீடர்?' என்று கேட்டிருக்கிறார். அப்புறம் 'கிரிம்பிங் டை எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்தணும்?' என்று வேலை சம்பந்தமாக வரிசையாக வருகிறது. எழுதிய கடைசிப் பக்கத்தில் தமிழில் ஒரே ஒரு வரி: 'புது மெஷின் கிட்ட ஃபேன் எப்ப வரும்?' அதற்குக் கீழே மேனேஜர், 'வியாழன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.